ஒரு குரல், ஒரு கிட்டார், 11 பாட்டு

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேசும்போது வந்த தடுமாற்றங்களையும், திரும்பத் திரும்பச் சொன்னவற்றையும் நீக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரே ஒரு ஆல்பம். ஒரு பாடகியோட முதல் ஸ்டுடியோ ரெக்கார்டிங். அவங்க பேரு ட்ரேசி சாப்மன். ஆல்பத்தோட பேரும் அதுதான். வெளிவந்தது 1988 ஏப்ரல். நான் பிறக்கறதுக்கு முன்னாடி. இதைக் கேட்கிற உங்கள்ல நிறைய பேருக்கும் அப்படித்தான் இருக்கும்.

எதுக்கு இப்போ இந்த ஆல்பம்? காரணம் நீங்கதான். கொஞ்ச நாளா எங்க ஊர்ப் பக்கத்துல இருந்து, அதாவது சிவகாசி, சாத்தூர், விருதுநகர்ல இருந்து, சில பேர் சொந்தமா எழுதிப் பாடின பாட்டை எனக்கு அனுப்பறீங்க. போன்ல பதிவு பண்ணினது. சிலது ரொம்ப நல்லா இருக்கு. ஆனா கூடவே ஒரு மெசேஜ் வருது, எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒரே கேள்வி: "அண்ணே, ரொம்ப சிம்பிளா இருக்கு. இன்னும் என்ன சேர்க்கலாம்?"

நான் மியூசிக் டைரக்டர் கிடையாது. எழுதறது கோடு, சம்பளம் வாங்கறது அதுக்கு. ஆனா கேட்கிறவனா எனக்கு இந்தக் கேள்வியில ஒரு சின்னப் பிரச்சினை இருக்கு. "சிம்பிள்"னா "இன்னும் முடியல"ன்னு அர்த்தம்னு நாம எப்படியோ முடிவு பண்ணிட்டோம். அப்படி இல்லைங்கறதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல சாட்சி இந்த ஆல்பம்தான்.

ஹார்ட் டிஸ்க் தொலைந்த நாள்

1988 ஜூன் 11. லண்டன், வெம்பிளி ஸ்டேடியம். நெல்சன் மண்டேலாவோட 70-வது பிறந்தநாளை முன்னிட்டு ஒரு பெரிய இசை நிகழ்ச்சி. மண்டேலா அப்போ ஜெயில்ல இருக்கார். ஸ்டேடியத்துல 70,000 பேருக்கு மேல. டிவியில 60-க்கும் மேற்பட்ட நாடுகள்ல ஒளிபரப்பு.

சாப்மனுக்கு அப்போ 24 வயசு. ஆல்பம் வந்து ரெண்டு மாசம் சொச்சம்தான் ஆகியிருந்துச்சு. அன்னைக்கு முன்னாடியே அவங்களுக்குன்னு ஒதுக்கின கொஞ்ச நேரத்துல பாடிட்டு இறங்கிட்டாங்க. அதுக்கப்புறம் ஸ்டீவி வொண்டர் மேடை ஏறணும். ஏறப் போற நேரத்துல ஒரு விஷயம் தெரியுது: அவரோட சிந்தசைசர் இசை மொத்தமும் இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் காணோம். அது இல்லாம அவரால அன்னைக்குத் திட்டமிட்டதை வாசிக்க முடியாது. அவர் அழுதுகிட்டே வெளியே போயிட்டார்.

ஐடியில வேலை பாக்குறவங்களுக்கு இந்த இடத்துல வயித்தைக் கலக்கும். பேக்கப் இல்ல. புரொடக்‌ஷன் லைவ்ல ஓடிக்கிட்டு இருக்கு. உலகமே பாத்துக்கிட்டு இருக்கு.

அந்த இடைவெளியை நிரப்ப யாரைக் கூப்பிட முடியும்? மத்தவங்களுக்கெல்லாம் டிரம்ஸ் செட் பண்ணணும், கீபோர்டு இணைக்கணும், சவுண்ட் செக் பண்ணணும். சாப்மனுக்கு ஒரு கிட்டார், ரெண்டு மைக் போதும். மறுபடி மேடைக்கு வந்தாங்க. 'ஃபாஸ்ட் கார்' பாடினாங்க. அந்தக் கூட்டத்துக்கு அதுவரைக்கும் பெரும்பாலும் அறிமுகமில்லாத ஒரு பொண்ணு. அதே வருஷம் ஆகஸ்ட்ல இந்த ஆல்பம் அமெரிக்காவுல முதலிடம். பிரிட்டன்லயும் முதலிடம். 'ஃபாஸ்ட் கார்' அமெரிக்காவுல 6-வது இடம் வரைக்கும் போச்சு. அடுத்த வருஷம் 3 கிராமி விருது.

இதை அதிர்ஷ்டக் கதையாத்தான் எல்லாரும் சொல்வாங்க. டிஸ்க் தொலைஞ்சது அதிர்ஷ்டம்தான், மறுக்கல. ஆனா அந்த நிமிஷத்துல தனியா நின்னு தாங்கக்கூடிய பாட்டு அவங்க கையில இருந்தது அதிர்ஷ்டம் இல்ல. ஸ்டுடியோவுல எப்படிப் பதிவாச்சோ, மேடையிலயும் அந்தப் பாட்டு அப்படியே நின்னுச்சு. ஏன்னா ஸ்டுடியோவுல அதுமேல ஏத்தி வச்ச பாரம் ரொம்பக் கம்மி.

தெருவுல சோதிச்ச பாட்டு

கொஞ்சம் பின்னாடி போவோம். சாப்மன் பிறந்தது 1964-ல, அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல க்ளீவ்லாண்ட். தொழிற்சாலை ஊர். அப்பா அம்மா பிரிஞ்சிட்டாங்க, அம்மாதான் வளர்த்தாங்க. வசதி இல்லாத வீடு. ஆனா அந்த அம்மா சின்ன வயசுலயே பொண்ணுக்கு ஒரு யூக்கலேலி வாங்கிக் கொடுத்திருக்காங்க. எட்டு வயசு வாக்குல கிட்டார் வாசிக்க ஆரம்பிச்சாச்சு. அப்புறம் உதவித்தொகையில ஒரு நல்ல பள்ளிக்கூடம், பிறகு பாஸ்டன் பக்கத்துல டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம். படிச்சது மானுடவியல்.

படிக்கும்போதே பக்கத்துல ஹார்வர்டு சதுக்கத்துல தெருவுல நின்னு பாடுவாங்க. காபி கடைகள்ல பாடுவாங்க. இது முக்கியம், கவனிங்க. தெருவுல பாடும்போது யாரும் உங்களுக்காக நிக்க மாட்டாங்க. அவங்கவங்க வேலைக்குப் போயிட்டு இருப்பாங்க. எந்த வரியில ஆள் நிக்கிறான், எந்த வரியில நடந்து போயிடறான்னு கண்ணுக்கு நேரா தெரியும். இதைவிட நல்ல டெஸ்டிங் எந்தக் கம்பெனியிலயும் கிடையாது.

அதே பல்கலைக்கழகத்துல படிச்ச பிரையன் காப்பல்மன்ங்கற மாணவர் இவங்க பாட்டைக் கேட்டார். அவரோட அப்பா சார்லஸ் காப்பல்மன் இசைப் பதிப்புத் தொழில்ல பெரிய ஆள். கல்லூரி வானொலியில சாப்மன் பதிவு பண்ணி வச்சிருந்த டெமோ ஒண்ணு அப்பா கைக்குப் போச்சு. அது வழியா எலெக்ட்ரா நிறுவனத்தோட ஒப்பந்தம்.

ஒப்பந்தம் ஆச்சே தவிர, தயாரிக்க ஆள் சுலபமாக் கிடைக்கல. அந்தக் காலத்து ஓட்டத்துக்கு இந்தப் பாட்டெல்லாம் பொருந்தாதுன்னு நினைச்சாங்க. கடைசியில எடுத்துக்கிட்டவர் டேவிட் கெர்ஷன்பாம். ஜோன் பயஸோட 'டயமண்ட்ஸ் அண்ட் ரஸ்ட்' ஆல்பத்துல வேலை பார்த்தவர். அவருக்கே ஒரு அகூஸ்டிக் ஆல்பம் பண்ணணும்னு ஆசை இருந்த நேரம் அது. சாப்மனுக்கு இருந்த பெரிய கவலை ஒண்ணே ஒண்ணு: பாட்டு பாட்டாவே இருக்கணும், எளிமையா இருக்கணும். ஹாலிவுட்ல ஒரு ஸ்டுடியோவுல, எட்டு வாரத்துல மொத்த ஆல்பமும் முடிஞ்சுது. 11 பாட்டு. 11-ம் அவங்களே எழுதினது.

என்ன வச்சாங்க, என்ன விட்டாங்க

1988-ல பாப் இசை எப்படி இருந்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க. டிஜிட்டல் சிந்தசைசர் பரவலா இருந்த காலம். டிரம் மெஷின் எல்லா இடத்துலயும். டிரம்ஸ் சத்தத்துக்கு ஒரு பெரிய எதிரொலி வச்சு, அதைச் சட்டுன்னு வெட்டுற பாணி. நம்ம ஊர்லயும் அதே வருஷம்தான் 'அக்னி நட்சத்திரம்' வந்துச்சு. இளையராஜா சிந்தசைசரை வச்சு என்னவெல்லாம் பண்ணியிருக்கார்னு இப்போ கேட்டாலும் ஆச்சரியமா இருக்கும். அதை நான் குறையே சொல்ல மாட்டேன். கருவி நிறைய இருந்தா தப்பு, கம்மியா இருந்தா சரின்னு ஒரு சட்டமும் இல்ல.

கேள்வி வேற: இந்தப் பாட்டு எதைக் கேட்குது?

சாப்மன் ஆல்பத்துல கிட்டாரும் குரலும் நடுவுல இருக்கு. சுத்தி லாரி க்ளைனோட பேஸ் கிட்டார், டென்னி ஃபாங்ஹைசரோட டிரம்ஸ், அங்கங்க வேற கொஞ்சம். ரெண்டு பேரும் தேர்ந்த கலைஞர்கள். நினைச்சா எவ்வளவோ வாசிச்சிருக்கலாம். 'ஃபாஸ்ட் கார்'ல என்ன பண்றாங்கன்னு கேளுங்க. ஒரு கிட்டார் துணுக்கு. நாலே நாலு கார்டு. அதே துணுக்கு சுத்திச் சுத்தி வருது. அதுமேல ஒரு பொண்ணு கதை சொல்றா. பல்லவின்னு நாம சொல்லக்கூடிய இடம் வர்றதுக்கு ஒன்றரை நிமிஷத்துக்கு மேல ஆகுது. இன்னைக்கு ரீல்ஸ் கணக்குல அதுக்குள்ள நீங்க நாலு பாட்டைத் தள்ளிவிட்டிருப்பீங்க.

டிரம்ஸ் அதுவரைக்கும் அடக்கித்தான் வாசிக்குது. அந்தப் பொண்ணு, காருக்குள்ள உட்கார்ந்து வேகமாப் போன ஒரு ராத்திரியை நினைச்சுப் பாக்குற இடம் வருது. அங்கதான் டிரம்ஸ் முழுசா திறக்குது. அவளுக்குச் சந்தோஷமா இருந்த ஒரே நேரம் அது. நினைவு முடிஞ்சதும் திரும்ப அதே கிட்டார் துணுக்கு, அதே வாழ்க்கை. ஏற்பாடு எல்லாம் அவ்வளவுதான். ஆனா அந்த ஒரு திறப்பு ஏன் நெஞ்சுல அடிக்குதுன்னா, அதுக்கு முன்னாடி இருந்த இடத்தை எதுவும் போட்டு நிரப்பல.

பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினவங்களுக்கு

அந்தப் பாட்டோட கதையைச் சுருக்கமா என் வார்த்தையில சொல்றேன். குடிக்கிற அப்பா. அம்மா விட்டுட்டுப் போயாச்சு. அப்பாவைப் பாத்துக்கறதுக்காகப் பொண்ணு படிப்பை நிறுத்தறா. கடையில வேலை, கையில கொஞ்சம் காசு. ஒரு பையன், அவன்கிட்ட ஒரு கார். எங்கயாவது போயிடலாம், போனா வாழ்க்கை மாறும். போறாங்க. நகரத்துக்குப் போனா அங்க இவதான் வேலைக்குப் போறா, அவன் குடிக்கிறான். எந்த வீட்டுல இருந்து தப்பிச்சாளோ, அதே வீடு புது விலாசத்துல உருவாகுது. கடைசியில அவனைப் போகச் சொல்றா.

இந்தப் பாட்டைக் கேட்டு எனக்கு அமெரிக்கா ஞாபகம் வரல. சிவகாசி ஸ்டேஷன்ல பொதிகை எக்ஸ்பிரஸ் ஞாபகம்தான் வந்துச்சு. எங்க ஊர்ல படிச்சவங்கள்ல பெரும்பாலானவங்க அந்த மாதிரி ஒரு ராத்திரி வண்டியில ஏறித்தான் சென்னைக்கு வந்தோம். ஏறினவங்க ஒரு கதை. ஏற முடியாதவங்க ஒரு கதை. ஏறிப்போய், அதே கஷ்டத்தை வேளச்சேரியில வாடகைக்கு எடுத்தவங்க ஒரு கதை. க்ளீவ்லாண்ட் பொண்ணு எழுதின பாட்டுல எங்க தெரு தெரியுது. ஏன்னா அவ பொதுவா எழுதல. கடை கவுன்ட்டர் வேலை, அப்பாவோட பாட்டில், கொஞ்சமா சேர்த்த காசுன்னு தன்கிட்ட இருந்ததை மட்டும் எழுதினா. உன் தெருவை எவ்வளவு துல்லியமா சொல்றியோ, அவ்வளவு தூரத்துல இருக்கறவனுக்கும் அது புரியும்.

வாத்தியமே இல்லாத பாட்டு

ஆல்பத்துல 'பிஹைண்ட் தி வால்'னு ஒரு சின்னப் பாட்டு இருக்கு. வாத்தியமே கிடையாது. தாளம் கிடையாது. வெறும் குரல். பக்கத்து வீட்டுல ஒருத்தன் பொண்டாட்டியை அடிக்கிறான், சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி படுத்துக்கிட்டு அதைக் கேட்டுக்கிட்டு இருக்கா. போலீஸைக் கூப்பிட்டா நேரத்துக்கு வர மாட்டாங்க, வந்தாலும் குடும்ப விஷயம்னு போயிடுவாங்க. பாட்டு அவ்வளவுதான்.

இதுக்குப் பின்னாடி ஒரு வயலின் வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? "இப்போ நீ அழணும்"னு வயலின் சொல்லியிருக்கும். நாமளும் கொஞ்சம் அழுதுட்டு, கடமை முடிஞ்ச மாதிரி அடுத்த பாட்டுக்குப் போயிருப்போம். இங்க அந்தச் சௌகரியம் கிடைக்காது. சுத்தி அமைதி இருக்கறதால, அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கறது நாமளா ஆயிடறோம்.

காம்பவுண்டு வீட்டுல வளர்ந்தவங்களுக்கு இது நல்லாத் தெரியும். ஒத்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கறது எல்லாருக்கும் கேட்கும். காலையில குழாயடியில யாரும் அதைப் பத்திப் பேச மாட்டாங்க.

சிம்பிள்னா சுலபம் இல்ல

இங்க நிறுத்தி ஒரு விஷயம் சொல்லணும், இல்லைன்னா தப்பாப் புரிஞ்சுக்குவீங்க. "அப்போ போன்ல பாடி அப்படியே ஏத்திடலாம்"னு நான் சொல்ல வரல.

சாப்மனோட ஆல்பம் எளிமையானது, ஆனா மலிவா அவசரமா பண்ணினது இல்ல. எட்டு வாரம், அனுபவமுள்ள தயாரிப்பாளர், தேர்ந்த கலைஞர்கள், நல்ல ஸ்டுடியோ. அதுக்கு முன்னாடி பல வருஷம் தெருவுல பாடின பழக்கம். அந்த ஆல்பத்தோட முதல் பாட்டு 'டாக்கிங் பௌட் எ ரெவல்யூஷன்' அவங்க பள்ளிக்கூட வயசுலயே எழுதினது. அப்போ இருந்தே பாடிப் பாடித் தேய்ச்ச பாட்டு அது.

மனசுல இருந்து வந்துச்சுங்கறது மட்டும் போதாது. மனசுல இருந்து வர்ற மோசமான பாட்டு நிறைய இருக்கு. எளிமையா வைக்கும்போது சுமை முழுக்கப் பாட்டு மேல விழும். வரி நொண்டுச்சுன்னா தெரியும். மெட்டு வேற ஒரு பாட்டுல இருந்து வந்திருந்தா தெரியும். ஒளிஞ்சுக்க இடமே இருக்காது.

இதை எனக்கு நல்லாப் புரிய வச்சவன் சிவகாசியில ஆஃப்செட் பிரஸ்ல வேலை பாக்குற என் பள்ளிக்கூட நண்பன். காலண்டர் சீசன்ல அவன் வீட்டுக்கே போறதில்ல. ஒருநாள் சொன்னான்: "மாப்ள, நாலு கலர் படத்துல ஒரு தூசி விழுந்தா எவனுக்கும் தெரியாது. ஒத்தக் கலர் சாலிட் அடிக்கிறப்போ அதே தூசி விழட்டும், தாளைத் தூக்கினதும் கண்ணுல குத்தும்." பாட்டுக்கும் இதுதான் கணக்கு.

நாட்டுக்கே சத்தம் செய்யிற ஊர்

இப்போ நம்ம பக்கத்துக்கு வருவோம். 1922-ல அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு பேரு சிவகாசியில இருந்து கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்தாங்க. அதுல இருந்து தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம்னு ஒரு ஊரே எழுந்துச்சு. இந்தியாவுல வெடிக்கிற பட்டாசுல பெரும்பகுதி எங்க பக்கத்துல இருந்துதான் போகுது. தீபாவளிக்கு நாடு முழுக்கக் கேட்கிற சத்தம் எங்க ஊர்ச் சத்தம்.

ஆனா எங்க ஊரோட குரல் எங்க கேட்குது? வெளியூர்க்காரங்களுக்கு நாங்க செய்தியில வர்றது பெரும்பாலும் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஒரே நாள்ல 40 பேருக்கு நெருக்கமா செத்துப்போனாங்க. அதுக்கப்புறமும் வருஷா வருஷம் சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் ஏதாவது ஒரு ஊர்ப் பேரு டிவியில கீழ ஓடும். ரெண்டு நாள் பேசுவாங்க. நிவாரணத் தொகை அறிவிப்பாங்க. அதோட அந்த ஊர்ப் பேரு மறந்துபோகும்.

அந்தத் தொழிலாளிங்க காலையில வேன்ல என்ன பேசிக்கிட்டுப் போவாங்க, சாயங்காலம் கையில ஒட்டியிருக்கிற மருந்து வாசம் சோப்பு போட்டா போகுமா, சீசன் முடிஞ்ச மாசங்கள்ல வீட்டுச் செலவு எப்படி ஓடும்? இதெல்லாம் செய்தியில வராது. பாட்டுல வரலாம். வேற யாரும் வந்து எழுத மாட்டாங்க. உங்ககிட்ட இருந்துதான் வரணும்.

இது நமக்குப் புதுசும் இல்ல. எங்களுக்குக் கொஞ்சம் வடகிழக்கே, சிவகங்கை மாவட்டத்துல கொல்லங்குடி. அங்க இருந்து வந்தவங்க கொல்லங்குடி கருப்பாயி. வயல் வேலை பாத்த குரல். பாட்டைத் தானே கட்டிப் பாடுவாங்க. வானொலியில பாடினவங்களை 1985-ல பாண்டியராஜன் 'ஆண்பாவம்' படத்துக்குக் கூட்டிட்டு வந்தார். பாட்டியா நடிச்சாங்க, பாடவும் செஞ்சாங்க. இளையராஜா இசையமைச்ச படம்தான். ஆனா அந்த அம்மா பாடுற இடத்துல அவங்க குரல்தான் முன்னாடி நிக்கும். மெருகேத்தாத, ஊர் மண்ணு ஒட்டின குரல். 2025 ஜூன்ல அவங்க காலமானாங்க. படம் வந்து 40 வருஷம் ஆகியும் அந்தக் குரலைக் கேட்டா யாருன்னு கேட்கத் தேவையில்ல.

சாப்மனும் கருப்பாயி அம்மாவும் ரெண்டு கண்டத்துல ரெண்டு வாழ்க்கை. ஒருத்தங்க பல்கலைக்கழகம் போனவங்க, ஒருத்தங்க வயக்காட்டுல பாட்டுக் கட்டினவங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணு இருந்துச்சு: மைக்குக்கு முன்னாடி போனப்போ, அவங்க எப்படியோ அப்படியே பாட விட்டாங்க.

ரெண்டு வெர்ஷன்

பிரஸ்ல வேலை பாக்குற அந்த நண்பனைப் பத்திச் சொன்னேன்ல. அவனும் பாட்டு எழுதுவான். கிட்டார் யூடியூப் பாத்துக் கத்துக்கிட்டது. அவங்க அம்மா இருபது வருஷத்துக்கு மேல தீப்பெட்டி ஆபீஸ்லயும் பட்டாசு ஆலையிலயும் வேலை பாத்தவங்க. அவங்க போன வேனைப் பத்தி ஒரு பாட்டு எழுதினான். விடியறதுக்கு முன்னாடி தெருமுனையில வர்ற வேன். யாரு எந்த சீட்டு, யாரு தூக்குவாளியில என்ன குழம்பு, யாரு தூங்கி வழிவா. கடைசிப் பகுதியில ஒருநாள் அந்த வேன்ல நாலு சீட்டு காலியா வருது. ஏன்னு பாட்டு சொல்லாது. சொல்லவும் வேண்டாம்.

சேர்த்து வச்ச காசுல ஒரு ஸ்டுடியோவுக்குப் போனான். அங்க இருந்தவர் கெட்டவர் இல்ல, வேலை தெரிஞ்சவர். பாட்டைக் கேட்டுட்டு, "தம்பி, இப்படியே விட்டா யாரும் கேட்க மாட்டாங்க"ன்னு சொல்லி, பீட் வச்சார், புல்லாங்குழல் வச்சார், கடைசியில தூரத்துல ஒரு வெடிச்சத்தமும் ஆம்புலன்ஸ் சைரனும் வச்சார். குரலை ஆட்டோட்யூன்ல போட்டு நேர் பண்ணினார். கேட்டா நிஜமாவே ஒரு படப்பாட்டு மாதிரி இருந்துச்சு. நண்பனுக்குச் சந்தோஷம். ஆனா ஏதோ உறுத்துச்சு. வெளியே வர்றதுக்கு முன்னாடி, "அண்ணே, கிட்டாரோட மட்டும் ஒருதடவை பாடிக்கட்டுமா"ன்னு கேட்டு அதையும் பதிவு பண்ணிட்டு வந்தான்.

ரெண்டையும் எனக்கு அனுப்பினான். நான் கருத்துச் சொல்றதுக்கு முன்னாடி அவங்க அம்மாகிட்ட போட்டுக் காட்டிட்டான். முதல் வெர்ஷனைக் கேட்டுட்டு, "நல்லா இருக்குய்யா, சினிமாப் பாட்டு மாதிரி இருக்கு"ன்னாங்களாம். ரெண்டாவதைப் போட்டிருக்கான். அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கேட்டாங்களாம்: "ஏய்யா, எல்லாரையும் சொன்ன, அந்த வேன் டிரைவரை ஏன் விட்டுட்ட? அந்த அண்ணன்தான எங்களை இறக்கி விட்டுட்டு, சாயங்காலம் எண்ணி எண்ணி ஏத்துவாரு?"

எனக்கு இதுக்கு மேல ஒரு விமர்சனம் தேவைப்படல. முதல் வெர்ஷன்ல அவங்க சத்தத்தைக் கேட்டாங்க. ரெண்டாவதுல வார்த்தையைக் கேட்டாங்க. கேட்டதோட நிக்கல, பாட்டுக்குள்ள ஏறி உட்கார்ந்து, யாரு இல்லைன்னு எண்ணிப் பாத்திருக்காங்க.

நண்பன் டிரைவருக்கு ரெண்டு வரி எழுதிச் சேர்த்தான். சேர்க்க வேண்டியது அதுதான். பீட் இல்ல.

சோதிச்சுப் பாக்க மூணு வழி

பாட்டு அனுப்பினவங்களுக்கு, நடைமுறையா என்னால சொல்ல முடிஞ்சது மூணு.

ஒண்ணு, கழிச்சுப் பாருங்க. ஒவ்வொரு டிராக்கா மியூட் பண்ணுங்க. எதை எடுத்தா பாட்டு உடையுதோ, அது இருக்கட்டும். எதை எடுத்தாலும் பாட்டு அப்படியே நிக்குதோ, அது வேண்டாம். கோடுலயும் நாங்க இதைத்தான் பண்றோம். யாரும் கூப்பிடாத ஃபங்ஷனை வச்சுக்கிட்டு இருக்கக் கூடாது.

ரெண்டு, பதிவு பண்றதுக்கு முன்னாடி ஆளுங்க முன்னாடி பாடுங்க. ஹார்வர்டு சதுக்கம் வேண்டாம். டீக்கடை பெஞ்சு, மொட்டை மாடி, நாலு பேரு போதும். எந்த வரியில போனை எடுக்கறாங்கன்னு பாருங்க. அந்த வரியைத் திருத்துங்க.

மூணு, காசு கம்மின்னா அதை அறைக்கும் மைக்குக்கும் செலவு பண்ணுங்க. ஃபேனை நிறுத்துங்க. ஜன்னலைச் சாத்துங்க. சுவர்ப் பக்கம் மெத்தையைச் சாய்ச்சு வைங்க, எதிரொலி குறையும். குரல் தெளிவா விழுந்துச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது. எளிமையான பதிவுக்குச் சுத்தமான பதிவு ரொம்ப முக்கியம்.

35 வருஷம் கழிச்சு

முடிக்கறதுக்கு முன்னாடி, அந்தப் பாட்டுக்கு அப்புறம் நடந்ததையும் சொல்லிடறேன். 2023-ல லூக் கோம்ப்ஸ்ங்கற கன்ட்ரி பாடகர் 'ஃபாஸ்ட் கார்'ஐத் திரும்பப் பாடினார். பெரிய ஹிட், அமெரிக்காவுல 2-வது இடம் வரைக்கும். அதே வருஷம் நவம்பர்ல கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் விருதுல அந்த வருஷத்தோட சிறந்த பாடலுக்கான விருது, எழுதினவங்கங்கற முறையில சாப்மனுக்குப் போச்சு. அந்த விருதை வாங்கின முதல் கறுப்பினப் பாடலாசிரியர் அவங்கதான். 2024 பிப்ரவரி 4, கிராமி மேடையில ரெண்டு பேரும் சேர்ந்து பாடினாங்க. பல வருஷமா பொது மேடைப் பக்கம் அதிகம் வராதவங்க, கையில கிட்டாரோட வந்து அதே துணுக்கை வாசிச்சாங்க. அரங்கமே எழுந்து நின்னுச்சு.

லூக் கோம்ப்ஸ் ஒரு வெள்ளைக்கார ஆண், அமெரிக்கத் தெற்குப் பகுதிக்காரர், வேற இசை மரபு. அவர் பாட்டை மாத்தவே இல்ல. மாத்த வேண்டிய அவசியம் வரல. 1988-ல அதுமேல அந்தக் காலத்து ஃபேஷனை நிறைய ஏத்தி வச்சிருந்தா, 2023-ல அதையெல்லாம் உரிச்சுத்தான் எடுத்திருக்கணும். உரிக்க ஒண்ணும் இல்ல. பாட்டு மட்டும்தான் இருந்துச்சு.

அதனால இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. 11 பாட்டு, 40 நிமிஷத்துக்கும் குறைவு. வேற வேலை பாத்துக்கிட்டே கேட்காதீங்க. ராத்திரி விளக்கை அணைச்சுட்டு, ஹெட்போன் மாட்டிக்கிட்டு, வரிசையா கேளுங்க. இங்கிலீஷ் முழுசா புரியலைன்னாலும் பரவாயில்ல, பாடல் வரிகளைப் பக்கத்துல வச்சுக்கோங்க.

பாட்டு எழுதறவங்க, எழுதினதைத் தொடர்ந்து அனுப்புங்க. ஒரே ஒரு நிபந்தனை: கூட எதைச் சேர்க்கலாம்னு என்கிட்ட கேட்காதீங்க. அந்தப் பாட்டுல யாரை விட்டுட்டீங்கன்னு உங்க வீட்டுல கேளுங்க.